மூன்று மணிக் கையெழுத்து

சாந்தா எடுவிஹெஸ் ஆஸ்பத்திரியில் தினமும் மதியம் மூன்று மணிக்கு ஒரு கூத்து நடக்கும். முந்தின ராத்திரி டியூட்டி பார்த்த பயிற்சி டாக்டர்கள் எல்லாரும், மூன்றடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீழே பயிற்சி அலுவலகத்துக்கு இறங்கி வருவார்கள். வரிசையில் நின்று, ‘வெளியேறிய நேரம்’ என்ற கட்டத்தில் 3.00 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். போட்டுவிட்டு வீட்டுக்கா போவார்கள்? சமையற்கட்டை ஒட்டின பின்படிக்கட்டில் ஏறி மறுபடி வார்டுக்கே போய்விடுவார்கள். ராத்திரி எட்டோ, ஒன்பதோ, பத்தோ, சீனியர் ‘போ’ என்று சொல்கிறவரைக்கும் வேலை. டியூட்டி முடிந்தவர் மறுநாள் மூன்று மணிக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருக்கக் கூடாது என்பது விதி. அதே அலுவலகத்தின் சுவரில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. எங்களைப் பார்த்து யாரும் விரல் நீட்ட முடியாது. காகிதத்தில் நாங்கள் உத்தமர்கள்.

இந்தக் கூத்தில் யார் எப்போது படி ஏறுவது, யார் எத்தனை மணிக்கு இறங்குவது என்று பிரசவப் பிரிவில் முடிவு செய்கிறவள் ஃபாபியோலா. மூன்றாம் வருஷப் பயிற்சி டாக்டர். இருபத்தொன்பது வயசு. கத்தி பிடித்தால் கை நடுங்காது. ரத்தப்போக்கு என்று யாராவது கத்தினால் முதலில் ஓடுகிறவள் அவள்தான். அவள் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு வயிறெரிந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவளுக்குக் கீழே மூன்று முதல் வருஷக்காரர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் வருஷத்துக்குப் பெயர் கிடையாது. ‘ஏய், முதல்வருஷம்’ என்றால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடி வர வேண்டும். தப்புச் செய்தால் தண்டனை டியூட்டி. ரத்தப் பரிசோதனை முடிவைத் தாமதமாகக் கொண்டுவந்தால் ஒரு ராத்திரி கூடுதலாக நில். ரவுண்ட்ஸில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லையா, இன்னொரு ராத்திரி நில். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. மூன்றாம் வருஷம் வாயால் சொன்னால் போதும். ஃபாபியோலாவும் தன் முதல் வருஷத்தில் தொடர்ந்து நான்கு ராத்திரி நின்றவள்தான். துணி அலமாரிக்குள் நின்றபடியே தூங்கியிருக்கிறாள். அந்தக் கதையை இப்போது சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி மிரேயா. முக்கால் மணி நேரம் காரில் போனால் ஹெரேஸ், அதுதான் அவள் ஊர். அப்பா எவெரார்தோ தொலைதூர பஸ் ஓட்டுநர், அம்மா தோமாசா வீட்டில். ஒரே பெண். கட்டை குட்டையாக, எப்போதும் எதையாவது மென்றுகொண்டு, நோயாளிகளோடு வம்பளந்துகொண்டு திரிவாள். வலியில் கத்துகிற பெண்கள்கூட இவள் வந்து கையைப் பிடித்தால் கொஞ்சம் அடங்குவார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு குறை, அவளுக்குப் பொய் வராது. வராது என்றால், செய்ய மாட்டேன் என்று கொடி பிடிக்கிற ரகமில்லை. அவளுக்கு அது தோன்றவே தோன்றாது.

அக்டோபரில் ஃபாபியோலா ஒரு வாரம் வேறு ஊருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அந்த வாரம் முதல் வருஷக்காரர்களைக் கீழே கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்க ஆளில்லை. மற்ற இருவரும் தாங்களே போய் 3.00 போட்டுவிட்டு வந்தார்கள். மிரேயா வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் அலுவலகக் கதவைத் திறந்து, கட்டத்தில் என்ன கேட்டிருந்ததோ அதை எழுதினாள். 9.40. அடுத்த டியூட்டிக்கு 10.15. அதற்கடுத்ததற்கு 8.50. வாரம் முழுக்க அப்படி. அடுத்த வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து ஆய்வுக் குழு வருவதாக இருந்தது.

பயிற்சித் தலைவர் டாக்டர் உர்கீதி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஃபாபியோலாவைக் கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. தாளை மேஜையில் தள்ளி, உங்க முதல்வருஷத்துக்கு மணி பார்க்கத் தெரியாதா என்று மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் பிரிவின் தலைமைப் பயிற்சி டாக்டர் யார் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும், அதை ஃபாபியோலாவும் அறிவாள், அவரும் அறிவார். அவள் தாளை வாங்கிக்கொண்டு போய்க் கிழித்துப் போட்டாள். புதுத் தாள் எடுத்து மூன்று பேருக்கும் அவளே எழுதினாள். மிரேயாவின் கையெழுத்து சுலபம், பெரிய ‘எம்’ போட்டு ஒரு சுழி. கையோடு கையாக அடுத்த வாரத்துக்கும் வியாழக்கிழமைவரை நிரப்பி வைத்துவிட்டாள். இந்தப் பெண்ணை நம்பி மறுபடி பேனாவைக் கொடுக்க அவளுக்குத் தைரியமில்லை.

அப்புறம் மிரேயாவை மருந்து அறைக்குக் கூப்பிட்டு விட்டாளே ஒரு டோஸ். எல்லாரும் ராத்திரி பகலா உழைச்சு இந்தப் பிரிவைக் காப்பாத்துறோம், நீ ஒருத்தி பேனாவை எடுத்து எல்லாத்தையும் இழுத்து மூட வைப்பியா என்றாள். மிரேயாவின் முகத்தில் ஈயாடவில்லை. வெளியேறிய நேரம்னு போட்டிருந்தது டாக்டர், அதான் எழுதினேன் என்றாள். அந்தப் பதில்தான் ஃபாபியோலாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

புதன்கிழமை மிரேயாவுக்கு முறைப்படி டியூட்டி. வியாழன் மதியம் போக வேண்டியவளை, வியாழன் ராத்திரியும் நிற்கச் சொன்னாள். மிரேயா தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“வேற எந்த நாள் வேணும்னாலும் நிக்கிறேன் டாக்டர். ரெண்டு ராத்திரி வேணும்னாலும் நிக்கிறேன். வியாழக்கிழமை எங்கம்மாவுக்கு அறுபது முடியுது. அப்பா லீவு போட்டிருக்காரு, பேண்டுக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு.”

“எங்கம்மா பிறந்தநாளுக்கு நான் போய் மூணு வருஷமாச்சு,” என்றாள் ஃபாபியோலா. “செத்தா போயிட்டேன்?”

இதுதான் எங்கள் ஆஸ்பத்திரியின் நியாயம். நான் பட்டேன், நீயும் படு.

வியாழக்கிழமை ராத்திரி பிரசவ வார்டு சந்தை மாதிரி இருந்தது. மிரேயா நான்கு பிரசவம் பார்த்தாள். ரெண்டு மணிக்கு ஒரு சிசேரியனில் ஃபாபியோலாவுக்கு எதிரே நின்றாள். நூலை வெட்டச் சொன்னால் ஒரு நொடி தாமதித்து வெட்டினாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள், டியூட்டியில் நிறுத்திவிட்டார்கள், காலையில் வந்து மிச்சம் மீதி அசாதோவை ஒருத்தியாகவே தின்று தீர்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று. ஹெரேஸில் கல்யாணத்துக்கும் அறுபதுக்கும் அசாதோ இல்லாமல் இலை போட மாட்டார்கள். பன்றிக்கறியும் சிவப்பு மிளகாயும் போட்டு அண்டா அண்டாவாகக் காய்ச்சுவார்கள். அம்மா பதிலுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. விருந்தாளிகளுக்கு நடுவே அவளுக்கு முகம் தூக்கிக்கொண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேஸ்களை ஒப்படைத்துவிட்டு மிரேயா சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கண் ரெண்டும் மிளகாய்ப் பழம். பத்து மணிக்கு ஆய்வுக் குழு. ஓய்வறையில் மெத்தைகளைச் சுருட்டி எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். டாக்டர்கள் படுத்துக் கிடக்கிற அறை ஒன்று இருந்தால், எதற்குப் படுத்திருக்கிறார்கள் என்று கேள்வி வருமே, அதனால்.

“டாக்டர், ஒரே ஒரு மணி நேரம் எங்கயாவது படுத்துட்டுப் போயிடறேனே. வண்டி ஓட்டணும்.”

“தாள்ல நீ நேத்து மூணு மணிக்கே போயாச்சு. உன் மூஞ்சியப் பாத்தா குருடனுக்குக்கூடத் தெரிஞ்சிடும். கிளம்பு.”

“கார்லயாவது படுத்துக்கறேனே?”

“அவங்க வந்து இறங்கறதே கார் நிறுத்தற இடத்துலதான். போ. கண்ணுல படாதே.”

“சரி டாக்டர்,” என்றாள் மிரேயா. ரெண்டடி போனவள் திரும்பி வந்தாள். ஏழாம் கட்டில் அம்மாவுக்கு பி.பி. ஏறிக்கொண்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது மணி ஒன்பது பத்து. புதன் காலை ஆறு மணிக்கு உள்ளே வந்தவள். நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

பதினொன்றரை மணிக்கு ஆய்வுக் குழுவில் இருந்த ஒரு பெரியவர் வருகைத் தாள்களைப் புரட்டி, இவ்வளவு ஒழுங்காக வேறெங்கும் பார்த்ததில்லை என்று உர்கீதியைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நெடுஞ்சாலைப் போலீஸிடமிருந்து போன் வந்தது. ஹெரேஸுக்குப் போகிற வழியில், வளைவு தாண்டி, ஓரமாக நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் ஒரு சின்னக் கார் நேராகப் போய்ச் சொருகியிருக்கிறது. பிரேக் பிடித்த தடமே இல்லை. சட்டைப் பையில் எங்கள் ஆஸ்பத்திரி அடையாள அட்டை.

ஃபாபியோலா அதைக் கேட்டபோது ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள். ஆனாலும் கை பாட்டுக்கு பி.பி. பார்த்து எழுதியது.

பத்து நாள் கழித்து அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மிரேயாவின் வெள்ளைக் கோட்டையும் புத்தகங்களையும் வாங்கிப் போக வந்ததாகச் சொன்னார்கள். உர்கீதி எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஃபாபியோலாவையும் கூட இருக்கச் சொல்லியிருந்தார். எவெரார்தோ பெரிய உடம்புக்காரர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார். பொண்ணு ராத்திரி முழுக்க டியூட்டி பார்த்துவிட்டு வந்தாளா?

உர்கீதி தாளை எடுத்துக் காட்டினார். வியாழக்கிழமை, மூன்று மணி, கையெழுத்து. வெள்ளிக்கிழமை விடுப்பு.

தோமாசா தாளை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். டியூட்டியில் நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னாளே என்றாள், யாரிடமும் கேட்காத குரலில். உர்கீதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வயசுப் பிள்ளைகள் அம்மா, மூணு மணிக்கு மேல் எங்கே போகிறார்கள், யாரோடு போகிறார்கள் என்று நாங்கள் கேட்க முடியாது என்றார். எவ்வளவு மரியாதையான குரல் தெரியுமா? அந்த நாக்கில் புழு வைக்க.

எவெரார்தோ ஃபாபியோலா பக்கம் திரும்பினார். “நீங்கதானே அவளுக்கு மேல இருந்தவங்க? மூணு மணிக்கா கிளம்பினா?”

ஃபாபியோலாவுக்கு வாய் வரை வந்தது. வந்ததை மென்று விழுங்கினாள்.

“தாள்ல அப்படித்தான் இருக்கு,” என்றாள்.

தோமாசா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. எவெரார்தோதான் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போனார்.

அதற்கப்புறம் ஃபாபியோலா சாப்பிட்டாள், வேலை செய்தாள், மூன்று மணிக்குக் கீழே இறங்கிப் படி ஏறினாள். வார்டைக் கூட்டுகிற சாயோவும் ஹெரேஸ்காரிதான். அவள் ஒருநாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஊர்க் கதையை அவிழ்த்தாள். ஒன்பது நாள் ஜெபமாலைக்குப் பெண்கள் எல்லாரும் வந்தார்களாம், ஐந்தாம் நாளிலிருந்து தோமாசா உள்ளறையை விட்டு வரவில்லையாம். பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள், பெண்ணின் படத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். அத்தைக்காரிகள் வாய் சும்மா இருக்குமா? எவனோ இருந்திருக்கிறான், ராத்திரி அவனோடு இருந்துவிட்டு வந்திருக்கிறாள், அம்மா அறுபதுக்குக்கூட வராமல் என்று ஊரெல்லாம் பேச்சு. தோமாசா இன்னும் கல்லறைக்குப் போகவில்லையாம்.

“பொண்ணு செத்ததக்கூடத் தாங்கிக்கிச்சு டாக்டர் அந்தம்மா,” என்றாள் சாயோ. “கடைசியாப் பேசினது பொய்யின்னு ஆயிடுச்சே, அதத்தான் தாங்க முடியல.”

ஃபாபியோலா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உலகத்தில் அந்த ராத்திரி மிரேயா எங்கே இருந்தாள் என்று சொல்லக்கூடியவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் முதலில் போவது ஃபாபியோலாவின் தலை. பொய்க் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இந்த மூணு வருஷப் படிப்பு, தலைமைப் பதவி, எல்லாம் அந்தத் தாளோடு சேர்ந்து போகும். போகாமல் இருக்க வேண்டுமானால் ஒரு தாய் தன் பெண்ணைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே மிச்ச வாழ்நாளை ஓட்ட வேண்டும். ரெண்டும் சேர்ந்து நடக்காது. மூன்று நாள் தராசு பிடித்துப் பார்த்தாள். தராசுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டியூட்டி முடித்த கையோடு, குளிக்கக்கூட இல்லாமல், காரை எடுத்துக்கொண்டு ஹெரேஸுக்குப் போனாள். வளைவு தாண்டின இடத்தில் யாரோ வெள்ளைச் சிலுவை நட்டு, காகிதப் பூ கட்டியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் ஓட்டினாள்.

தோமாசாதான் கதவைத் திறந்தாள். ஆளை அடையாளம் கண்டுகொண்டாள், உள்ளே வாங்க என்றாள். ஹாலில் உட்காரவைத்து, பட்டை போட்ட காப்பியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். எவெரார்தோ வாசற்கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார், உட்காரவில்லை. சுவரில் படம் இருந்த இடத்தில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. ஃபாபியோலா காரில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது, எதை எதற்கு முன்னால் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தாள். அந்த ஆணியைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

“அம்மா, மிரேயா உங்ககிட்ட பொய் சொல்லல. டியூட்டிலதான் இருந்தா.”

தோமாசாவின் பார்வை சுவரில் இருந்த ஆணிக்குப் போனது.

“வியாழக்கிழமை ராத்திரியா?” என்று கேட்டாள்.

“வியாழக்கிழமை ராத்திரி முழுக்க. அதுக்கு முந்தின ராத்திரியும். புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு உள்ள வந்தா. வெள்ளிக்கிழமை ஒன்பது பத்துக்குத்தான் போனா. நடுவுல வெளிய காலே வைக்கல. நான் கூடவே இருந்தேன்.”

“அந்தத் தாள்ல...”

“அத எழுதினது நான். அவ கையெழுத்தையும் நான்தான் போட்டேன்.”

மிரேயா அன்றைக்குச் சாப்பிட்டாளா என்று தோமாசா கேட்டாள். எத்தனையோ கேட்கலாம், அவள் கேட்டது அதைத்தான். ஒரு நர்ஸ் கொண்டுவந்த கோர்திதா ரொட்டியில் பாதி சாப்பிட்டாள், மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள் என்று ஃபாபியோலா சொன்னாள். என்ன வேலை பார்த்தாள்? நான்கு பிரசவம், மூன்று ஆண், ஒரு பெண். ஒரு சிசேரியன். ஒரு சின்னப் பெண் முதல் பிரசவம், பயந்து கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்த்தாள், மிரேயா அவளோடு தரையிலேயே உட்கார்ந்துகொண்டு ஏதோ கதை பேசி அரை மணி நேரத்தில் மறுபடி கட்டிலில் ஏற்றினாள். தோமாசா ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பதினெட்டு மணி நேரம் அவளுக்கு வெற்றிடமாக இருந்தது, அதைக் கையால் தடவித் தடவி நிரப்பிக்கொள்கிறவள் மாதிரி கேட்டாள்.

“யாரு நிறுத்தினது?” என்றாள் கடைசியில்.

“நான்தான்மா. தண்டனை.”

“எதுக்கு?”

“நேரத்த உள்ளபடியே எழுதினா. அதுக்கு.”

தோமாசா அடிப்பாள் என்று ஃபாபியோலா எதிர்பார்த்தாள், அடித்தால் தேவலை என்றிருந்தது. தோமாசா அடிக்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

“இதெல்லாம் எழுதிக் குடு. உன் பேரு போட்டு எழுது. வாயால நான் சொன்னா இந்த ஊர்ல ஒருத்தி நம்ப மாட்டா.”

எழுதினால் அந்தக் காகிதம் இந்த வீட்டோடு நிற்காது. அத்தைகள் கைக்குப் போகும், சாயோ கைக்குப் போகும், திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் உர்கீதி மேஜைக்குப் போகும். ஃபாபியோலாவுக்கு அது தெரியாமலில்லை. எழுதினாள். உள்ளே வந்த நேரம், போன நேரம், யார் நிறுத்தியது, ஏன், கையெழுத்தை யார் போட்டது. கீழே தன் முழுப் பெயரும் டாக்டர் பதிவு எண்ணும். தோமாசா எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘நேரத்தை உள்ளபடி எழுதியதற்காக’ என்ற இடம் வந்ததும் முகம் கோணிக்கொண்டது. சின்ன வயசிலேர்ந்து அவளுக்குப் பொய் வராது, நான்தான் மறந்துட்டேன், பெத்தவ நானே மறந்துட்டேன் என்று சொல்லி, காகிதத்தை மார்போடு வைத்து அமுக்கிக்கொண்டு உடைந்து அழுதாள். அழுதுகொண்டே அலமாரிச் சாவியைத் தேடி உள்ளே போனாள்.

ஃபாபியோலா எழுந்து வெளியே வந்தாள். எவெரார்தோ கூடவே கார்வரை வந்தார். உச்சி வெயில். அவள் கதவைத் திறக்கப் போகும்போது அவர் கதவின்மேல் கையை வைத்தார்.

“எனக்கு ஒண்ணு கேக்கணும். இருபத்தெட்டு வருஷமா பஸ் ஓட்டுறேன் நான். அவளுக்கு வண்டி சொல்லிக் குடுத்தப்ப வேற எதையும் பெருசாச் சொல்லல. கண்ணு சொருகுதுன்னா வண்டிய எடுக்காத, ஒரு மணி நேரம் படுத்து எந்திரிச்சிட்டு எடுன்னேன். அதையா மறந்துட்டா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலும் போகலாம். களைப்பில் மறந்திருப்பாள் என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். அம்மாவிடம் சொன்னதே போதும், அதற்கே வேலை போய்விடும். ஃபாபியோலா காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

“மறக்கல. கேட்டா. ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போறேன், வண்டி ஓட்டணும்னு கேட்டா. நான்தான் கூடாதுன்னேன். கார்லயாவது படுக்கறேன்னா. அதுவும் கூடாதுன்னு அனுப்பிட்டேன். ஆய்வுக்கு ஆள் வர்ற நேரம்.”

எவெரார்தோ தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். கேட்டாளா, கேட்டாளா என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். முகத்தில் தண்ணீர் பாட்டுக்கு இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு அவர் கேட்டது அவளுக்கு முதலில் புரியவில்லை.

“நீங்க கடைசியா எப்பத் தூங்கினீங்க?”

வெள்ளிக்கிழமை என்றாள். அவர் கையை நீட்டினார். அவள் ஒன்றும் தோன்றாமல் கார்ச் சாவியைக் கொடுத்தாள்.

“உள்ள போய் அவ கட்டில்ல படுங்க. நான் உங்கள மன்னிக்கல. மன்னிப்பேன்னு தோணவும் இல்ல. ஆனா தூங்காத ஒரு ஆளு என் வாசல்லேர்ந்து வண்டி எடுக்க நான் விட மாட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “இப்ப எங்கிட்ட சொன்னத அவ அம்மாகிட்ட சொல்லாதீங்க. இன்னிக்கு வேண்டாம்.”

மிரேயாவின் அறையில் கட்டில் விரித்தது விரித்தபடி இருந்தது. ஃபாபியோலா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக, விரிப்புக் கசங்காமல் படுத்தாள். இந்தக் கட்டிலில் எனக்கா தூக்கம் வரும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். மூன்று வருஷமாகப் பழக்கின உடம்பு, படுக்க இடம் கிடைத்தால் அதற்கு வேறொன்றும் தெரியாது.

கண் விழித்தபோது வெயில் ஜன்னலின் அந்தப் பக்கம் போயிருந்தது. எவெரார்தோ எழுப்ப வரவில்லை. ஒரு மணி நேரமில்லை, நாலு மணி நேரம் தூங்கியிருக்கிறாள். மேலே ஒரு போர்வை போர்த்தியிருந்தது. சமையற்கட்டில் தோமாசா போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள், அழுது அடைத்த குரலில்.

“இல்லடி, பொய் சொல்லல. டியூட்டிலதான் இருந்திருக்கா எம் பொண்ணு. எழுத்துல இருக்கு, வந்து பாரு... ஆமா, எழுதிக் குடுத்த டாக்டர்தான் நிறுத்தினதும்... தெரியல. கோவம் அப்புறமா வரும்போல. சாயங்காலம் கல்லறைக்குப் போறேன், நீயும் வர்றியா? ... சத்தமாப் பேச முடியாது. உள்ள தூங்கறா.”

ஃபாபியோலா தலையணையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். எழுந்து வெளியே போக வேண்டும், அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். அவளால் எழுந்திருக்க முடியவில்லை.